இடம் மாறிய கோழியும் குரோய்டன் குளிர்காலமும்

குரோய்டனில் பின்வளவில் கோழி வளர்க்கும் எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, கொண்டுவந்த அடுத்த நாள் ஒரு முட்டை போட்டது. பிறகு ஒண்டுமில்லை. வித்தவர் ஏமாத்திப்போட்டாரோ?"

அநேகமாக இல்லை. அந்த முட்டை பழைய இடத்திலேயே உருவாகத் தொடங்கியது. சூலகத்தை விட்டுப் பிரிந்த மஞ்சட்கரு முழு முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணித்தியாலம் எடுக்கும். அதில் ஏறக்குறைய 20 மணித்தியாலம் ஓடு கட்டவே போய்விடும். பெட்டியில் அடைத்து, காரில் ஏற்றி, தெரியாத கூட்டில் இறக்கினால் கோழி மிரண்டுவிடும். தீனும் தண்ணீரும் குறைய, அடுத்து வரவேண்டிய கருக்கள் முற்றாமல் நின்றுவிடும். ஏற்கெனவே கோழிகள் இருக்கும் கூடென்றால், யார் பெரியவர் என்ற கொத்துச் சண்டையும் சேர்ந்துகொள்ளும். மூன்று நான்கு கிழமை முட்டை இல்லாமல் போவது வழமைதான். இதற்கு மருந்து தேடி ஓடவேண்டாம்.

எங்கள் ஊர் அனுபவம் இங்கே கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவில்தான். அதனால் கோழிக்கு வெளிச்சம் வேண்டும் என்று அம்மம்மாமார் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. இலண்டனில் ஆனியில் பதினாறரை மணித்தியாலம் பகல். டிசம்பர் கடைசியில் 8 மணித்தியாலம்கூட இல்லை. நன்றாக முட்டையிடக் கோழிக்கு 14 மணித்தியாலமாவது வெளிச்சம் வேண்டும். இளம் கலப்பினக் கோழிகள் முதல் குளிர்காலத்தைச் சமாளித்துக்கொள்ளும். வயது கூடியவை இலையுதிர் காலத்தில் இறகு கொட்டி ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் இடமும் மாற்றினால் மாசி, பங்குனி வரை முட்டை கிடையாது. சிலர் கூட்டில் லைட் போடுகிறார்கள். வீட்டுக் கோழிக்கு அந்த ஓய்வு தேவை என்பதே என் எண்ணம். போடத்தான் வேண்டுமென்றால் விடியற்காலையில் போடுங்கள். இரவில் சட்டென்று அணைத்தால் கோழி இருட்டில் தடுமாறும்.

ஐமிச்சம் இருந்தால், பொழுதுபட்டபின் கோழியைத் தூக்கி மடியில் வைத்துப் பாருங்கள். முட்டையிடும் பேட்டின் கொண்டை சிவந்து கொழுத்திருக்கும். பின்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். அதன் இருபுறமும் தட்டுப்படும் எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் வைக்கலாம். கொண்டை வெளிறிச் சுருங்கி, ஒரு விரல்தான் போகிறதென்றால் அது இன்னும் ஓய்வில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் முட்டையைக் காணவில்லையா? செடிகளுக்கு அடியில் தேடுங்கள். புதிய கூட்டில் முட்டையிடப் பழக, முதல் சில நாள் வெளியே திறந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

இரவில் டோர்ச் அடித்து, கோழி நிற்கும் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளை டிசுவால் துடைத்துப் பாருங்கள். இரத்தக் கோடு விழுந்தால் செள்ளு இருக்கிறது. பகலில் மறைந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் அந்தச் செள்ளே முட்டையை நிறுத்தப் போதும். நரி கூட்டைச் சுற்றினாலும் அப்படித்தான். கம்பிவலை உறுதியாக இருக்கட்டும்.

தீன் விசயத்தில் முக்கியமான ஒன்று. மிஞ்சின சோறு, கறியை இங்கே கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். வீட்டுக் குசினிக்குள் போய்வந்த மரக்கறித் தோலுக்கும் இதே சட்டம்தான். தோட்டத்தில் பிடுங்கிய கீரையை நேரே கொடுக்கலாம். முட்டைக்கோழித் தீன் நாளுக்கு 120 கிராம் அளவில் போதும். குளிரில் தண்ணீர் உறைந்திருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் முட்டையும் இல்லை.

2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் உங்களுக்கு அறிவிப்பதற்குத்தான், கட்டணம் இல்லை.

கோழி வாங்கும் யோசனை இருந்தால் ஐப்பசியில் அவசரப்படாதீர்கள். பகல் நீண்டுவரும் பங்குனி, சித்திரையில் வாங்குங்கள்.