பம்பரத்தின் விளிம்பில் ஏன் ஈயம்?

எஸ்.டி.பி.எம். இயற்பியல் எடுக்கும் தம்பி தங்கைகளே, கிளந்தானில் ஆடும் பெரிய காசிங் பம்பரத்தைப் பார்த்திருக்கீங்களா? 5 கிலோ வரைகூட இருக்கும். தேர்ந்த கை விட்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றும். மரத்தட்டின் விளிம்பில் ஈய வளையம் பதித்திருப்பார்கள். அது அழகுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறை 4 கிலோ, ஆரம் 0.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை தட்டு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், நிலைமத் திருப்புத்திறன், அதாவது உங்க மலாய்ப் பாடநூலில் வரும் ‘மோமென் இனெர்சியா’:

½ × நிறை × ஆரம்² = ½ × 4 × 0.01 = 0.02 கிலோகிராம் மீட்டர்²

நிறை முழுவதும் விளிம்பிலேயே இருந்தால் அந்த ½ கிடையாது, 0.04 வரும். உண்மையான காசிங் இந்த இரண்டுக்கும் நடுவில்.

வினாடிக்கு 10 சுற்று என்றால் கோணத் திசைவேகம் 10 அல்ல! 2 × 3.142 × 10 = 62.8 ரேடியன். நிறைய பேர் மார்க்கைக் கோட்டை விடுவது இங்கேதான்.

கோண உந்தம் = நிலைமத் திருப்புத்திறன் × கோணத் திசைவேகம். தட்டுக்கு 1.26, வளையத்துக்கு 2.51.

இப்போ உராய்வின் திருப்புவிசை இரண்டுக்கும் 0.0005 நியூட்டன் மீட்டர் என்று எடுப்போம். கோண உந்தத்தை அதால் வகுத்தால் நிற்கும் நேரம் கிடைக்கும்: தட்டு 42 நிமிடம், வளையம் 84 நிமிடம்.

ஆனா சும்மா கிடைக்காது. வளையத்தை அதே வேகத்துக்குக் கொண்டுவர, கயிற்றைச் சுண்டும் கை இரண்டு மடங்கு கோண உந்தம் கொடுத்தாகணும்.