மீன்தொட்டிக்கு மரக்கட்டை

பெங்களூர் நகரின் அல்சூரில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனதே காரணம் என்று சொல்லப்பட்டது.

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுதான் அதற்கு உயிர். தண்ணீரில் எது அழுகினாலும் அந்தப் பிராணவாயு செலவாகிவிடும். ஏரிக்கும் இதுதான் விதி. வீட்டு மீன்தொட்டிக்கும் இதுதான் விதி.

மீன்தொட்டியில் மரக்கட்டை வைப்பது அழகுக்கு மட்டும் அல்ல. மீன்கள் அதன் மறைவில் பயமில்லாமல் ஒதுங்கும். கட்டையின் மேல் வளரும் நுண்ணுயிர்கள் மீன் கழிவில் உள்ள நஞ்சைக் குறைக்கும். ஆனால் தவறான கட்டை மீனைக் கொன்றுவிடும்.

எந்தக் கட்டை நல்லது?

நன்றாகக் காய்ந்த, கெட்டியான கட்டை வேண்டும். கொய்யாக் கிளை நல்லது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. கள்ளி, அரளி, வேம்பு, புங்கம், தைலமரம் ஆகியவை ஆகா. வார்னிஷ் பூசியதும் ஆணி அடித்ததும் ஆகா. சாக்கடை கலக்கும் ஏரிக்கரையில் கிடக்கும் கட்டை வேண்டாம். அது கழிவை உறிஞ்சியிருக்கும்.

ஆற்றில் ஒதுங்கிய மரம் யாருக்கும் சொந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் இதற்கு விதி உண்டு. ஒருவர் தம் உரிமையை நிரூபிக்கும் வரை, அத்தகைய மரத்தை அரசின் சொத்தாகக் கருத அதில் இடம் இருக்கிறது. ஆகவே வனத்துறை அலுவலகத்தில் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

எப்படித் தயார் செய்வது?

1. பட்டையை உரிக்கவும். பிரஷால் தேய்த்துக் கழுவவும். சோப்பு போடக் கூடாது.

2. பழைய பாத்திரத்தில் கட்டை முழுகும்படி தண்ணீர் ஊற்றி, 1 அல்லது 2 மணி நேரம் கொதிக்கவிடவும்.

3. பிறகு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே கல் வைக்கவும். தினமும் தண்ணீரை மாற்றவும். கட்டை தானாக மூழ்கும் வரை ஊற வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

தண்ணீர் தேநீர் நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். அது மரத்தின் துவர்ப்பு. கட்டையின் மேல் வெள்ளைப் படலம் வந்தால் துடைத்துவிடலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் கட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினாலும் அப்படியே செய்ய வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதனால் மாற்றும் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்துத் திறந்து வைத்திருப்பது நல்லது.

சிந்தித்துப் பதில் சொல்லுங்கள்

1. அழுகிய கட்டை மீனை எப்படிக் கொல்கிறது?

2. உங்கள் ஊர் ஏரியில் எந்தக் கழிவு கலக்கிறது? அதைத் தடுக்க என்ன செய்யலாம்?