அஸ்பெஸ்டஸ் சீட்டை வெட்டப் போகிறீர்களா?

கண்டிப் பக்கம் கூரை வேலை ஓய்வதேயில்லை. உடவத்தக்கலைக் காட்டை ஒட்டிய வீடுகளில் குரங்குகள் குதித்துக் குதித்தே சீட் வெடிக்கிறது. ஹந்தானை, தெல்தோட்டைப் பக்கம் காற்று தூக்கிவிடுகிறது. புதுச் சீட்டை அளவுக்கு வெட்ட உடனே கிரைண்டரைத்தான் எடுக்கிறார்கள். அப்போது வெண்புகையாய் எழும் தூளில் அஸ்பெஸ்டஸ் நாரும் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் நுண்ணிய நார் நுரையீரலிலேயே தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம்.

1. வெட்டாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். கூரையை அளந்துகொண்டு கடைக்குப் போனால் பொருந்தும் நீளத்திலேயே வாங்கலாம். அரை அடி, முக்கால் அடி மிஞ்சினால், ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியைக் கூட்டிவிடுங்கள். மழை ஒழுகாது, வெட்டும் மிச்சம்.

2. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வேகமாகச் சுற்றும் தட்டு நாரை மாவாக்கிக் காற்றில் தள்ளும். தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்டலாம் என்பார்கள். தூள் முழுதும் அடங்காது, மின்சாரம் தாக்கும் ஆபத்தும் சேரும்.

3. வெட்டியே ஆகவேண்டுமென்றால் கைவாள். வெட்டும் இடத்தில் சிறுவர்கள் நிற்க வேண்டாம். சீட்டை வெளி முற்றத்தில், பொலித்தீன் விரித்து, பலகைகள்மேல் கிடத்துங்கள். கோட்டின் இரு பக்கமும் தாங்கல் இருந்தால்தான் உடையாது. தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து, ஊறவிடுங்கள். வெறும் தண்ணீர் உருண்டு ஓடும், இது உள்ளே இறங்கும். ஒருவர் மெதுவாக அறுக்க, இன்னொருவர் வெட்டுவாயில் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூள் பறக்காமல் சாம்பல் நிறக் குழம்பாக வழிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். அந்தக் குழம்பு காய்ந்தால் மறுபடி தூள்தான். ஈரம் இருக்கும்போதே பழந்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். விளக்குமாறு போடாதீர்கள்.

4. ஆணித் துளைக்கு, துளையிடும் இடத்தில் சவர நுரையைத் தடிப்பாக அப்பி, கையால் சுற்றும் துரப்பணத்தால் துளையிடுங்கள். தூள் நுரையில் ஒட்டிக்கொள்ளும்.

5. கூரைமேல் இருந்தபடி வெட்டாதீர்கள். தூள் பீலியில் விழுந்து மழைநீர்த் தாங்கிக்குப் போகும். பழைய சீட்டை மிதித்தால் கால் உள்ளே போய்விடும்; குறுக்குச் சட்டங்கள்மேல் பலகை போட்டு, அதில்தான் நடக்க வேண்டும். பாசி பிடித்த சீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் வெட்டுவது போலத்தான்.

6. துணி முகக்கவசமும் மருந்துக்கடை நீலக் கவசமும் இதற்கு உதவாது. எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 என்று அச்சிட்டதை வாங்குங்கள். தாடி இருந்தால் இடைவெளி விழும். வேலை உடுப்பை உதறாமல் நனைத்து, தனியே தோயுங்கள்.

7. “வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாதுகாப்பானது” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்தவிருந்தார்கள். 2017 டிசம்பரில், பூச்சி இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அஸ்பெஸ்டசை விற்கும் நாடும் ரஷ்யாதான். மலையகத்துக் கொழுந்துக்காக மலையகத்துக் கூரையே விலைபோனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அஸ்பெஸ்டஸ் இல்லாத சீட் என்று அச்சிட்டதையோ தகரத்தையோ கேட்டு வாங்குங்கள். அஸ்பெஸ்டஸ் இல்லாத சிமெந்துச் சீட்டையும் நனைத்தே வெட்டுங்கள். அதன் தூளிலும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு.

8. உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கோ பாதைக் குழி நிரப்பவோ போடாதீர்கள். வாகனம் ஏற ஏற மாவாகும். நனைத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே “அஸ்பெஸ்டஸ்” என்று எழுதி, எங்கே ஒப்படைப்பதென்று மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளுங்கள். அதுவரை வெயில், மழை படாத மூலையில் இருக்கட்டும்.