மச்சமா, புற்றா? நுண்பெருக்கியும் ஜீன் சோதனையும்

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டு வளர்ந்தால் மச்சம் தோன்றுகிறது, அது தீங்கற்றது. அவ்வுயிரணுக்களே கட்டுக்கடங்காது பெருகிப் பிற உறுப்புக்களுக்கும் பரவுமாயின், அது மெலனோமா என்னும் கொடிய புற்று. பெரும்பாலும், மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றிய திசுவை நுண்பெருக்கியில் நோக்கிய அளவிலேயே இது மச்சம், இது புற்று என்று தெளிவாகிவிடும். ஆயினும் சில கட்டிகள் தேர்ந்த நிபுணரையும் மயக்குகின்றன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்பிட்ஸ் மச்சம். 1948-ஆம் ஆண்டில் ஸோஃபி ஸ்பிட்ஸ் என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர், குழந்தைகளிடம் காணப்படும் இத்தகைய கட்டிகளை விவரித்தார். நுண்பெருக்கியில் அவை மெலனோமாவை ஒத்திருந்தன. ஆயினும், அவர் ஆராய்ந்த 13 குழந்தைகளுள் ஒன்று மட்டுமே இந்நோயால் மாண்டது. அந்த ஒன்றை முன்கூட்டியே இனங்காண்பது எங்ஙனம்? மச்சத்தைப் புற்றெனக் கொண்டால் குழந்தைக்குத் தேவையற்ற பெரிய அறுவை நேரும். புற்றை மச்சமெனக் கொண்டால் உயிருக்கே இறுதி நேரும்.

இங்கே ஜீன் சோதனை துணை புரிகிறது. நம் உடலின் இயல்பான உயிரணுவில் 46 குரோமோஸோம்கள் உள்ளன. மெலனோமாவில் இவற்றின் சில பகுதிகள் இழக்கப்பட்டும், சில மிகுந்தும் இருப்பது வழக்கம். ஸ்பிட்ஸ் மச்சங்களிலோ பெரும்பாலும் இத்தகைய மாறுதல் இல்லை. சிலவற்றில் மட்டும் 11-ஆம் குரோமோஸோமின் குறுங்கை மிகுந்துள்ளது.

சோதிக்கும் முறைகளுள் ஒன்று எளிதில் விளங்கும். குறிப்பிட்ட ஜீன் பகுதியில் மட்டும் சென்று ஒட்டக்கூடிய ஒளிரும் டி.என்.ஏ. துண்டைச் சீவலின்மேல் இடுவர். பின்னர் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒளிப்புள்ளிகளை எண்ணுவர். இரண்டு இருப்பது இயல்பு. 9-ஆம் குரோமோஸோமின் குறிப்பிட்ட பகுதிக்குரிய இரு புள்ளிகளும் பல உயிரணுக்களில் மறைந்திருப்பின், புற்று என்னும் ஐயம் வலுப்பெறும்.

எனினும் ஜீன் சோதனை மட்டும் தனித்துத் தீர்ப்பளிக்க இயலாது. மெலனோமாக்கள் பலவற்றில் பி.ஆர்.ஏ.எஃப். என்னும் ஜீன் மாறியிருப்பது 2002-இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலேயே, அதே மாறுதல் சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் உண்டெனத் தெரிந்தது. ஆகவே அம்மாறுதலைக் கண்ட அளவில் புற்றென முடிவு கட்டலாகாது. அன்றியும், சோதனையில் மாறுதல் எதுவும் தென்படாத மெலனோமாக்களும் உள்ளன. கண் காணும் உருவம், ஜீன் கூறும் செய்தி, நோயாளியின் வயது, கட்டி தோன்றிய இடம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

களப்பணியாளர் கவனிக்க: நம் நாட்டில் மெலனோமா அரிதே, தோன்றுங்கால் உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் தோன்றுவது மிகுதி. அவ்விடங்களில் பரவி வளரும், நிறம் மாறும், அல்லது குருதி கசியும் கரும்புள்ளியைக் கண்டால், நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. சுண்ணாம்போ அமிலமோ இட்டுச் சுட விடலாகாது. சுட்டழிந்த திசுவை நுண்பெருக்கியாலும் காண இயலாது, ஜீன் சோதனையாலும் அறிய இயலாது. மருத்துவர் அகற்றிய கட்டி, உடனடியாகப் பத்து விழுக்காடு பார்மலின் கரைசலில் இடப்பட்டு, நோயாளியின் வயது, கட்டியின் இடம், அது வளர்ந்த காலம் ஆகிய குறிப்புக்களுடன் ஆய்வுக்கூடத்தை அடைதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒளிப்புள்ளிகளை எண்ணுவதால் நாம் அறிவது யாது?
2. ஜீன் மாறுதல் ஒன்றை மட்டும் கொண்டு புற்றென முடிவு செய்யலாகாது. ஏன்?