சாவி திரும்பலையா? பலம் காட்டாதீர்கள்!

கார் சாவி திரும்பாவிட்டால் "பூட்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் பூட்டு தன் வேலையைத்தான் செய்கிறது.

சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கை அசைத்தால் ஒரு இரும்புத் தாழ் வந்து ஸ்டியரிங் தண்டைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஸ்டியரிங் லாக். முன்சக்கரம் பிளாட்பாரக் கல்லில் முட்டி நின்றால் தாழ் இறுகிவிடும், சாவி அசையாது.

செய்ய வேண்டியவை:

1. ஸ்டியரிங்கை இடம் வலமாக மெதுவாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள்.
2. தேய்ந்த சாவி என்றால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். தேய்ந்ததை வைத்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் கூடவே வரும்.
3. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். கிராஃபைட் தூள் நல்லது.
4. குறடு போடாதீர்கள். சாவி உள்ளேயே முறியும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டாக்ஸி ஓட்டும் அப்பாவுக்கு ஆட்டித் திறக்கும் வித்தை முன்பே தெரியும், காரணம் தெரியாது. படம் போட்டுக் காட்டினேன்.

"அப்போ இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு ஆஃப் பண்ணி உருட்டுறேனே?" என்றார்.

"சாவி லாக் வரைக்கும் போயிட்டா வளைவுல ஸ்டியரிங் பூட்டிக்கும்ப்பா. பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும்" என்றேன்.

இப்போது அவர் இறக்கத்தில் சாவியைத் தொடுவதில்லை. உங்கள் வீட்டிலும் வண்டி ஓட்டுகிறவர் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.