தரைப்படையும் கடற்படையும்

போர் என்றதும் களமும் குருதியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் களத்தில் அறுவடையாகும் வெற்றியும் தோல்வியும் முன்னதாகவே ஒரு மேசையைச் சுற்றி விதைக்கப்படுகின்றன. அறிவியல் மாணவனாகிய எனக்கு இதை உணர்த்தியது, 1911 ஆகஸ்டு 23-ஆம் நாள் இலண்டனில் கூடிய பேரரசுப் பாதுகாப்புக் குழுவின் வரலாறு.

மொராக்கோ நாட்டை முன்னிட்டுப் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூளுமோ என அஞ்சிய நேரம் அது. பிரதமர் ஆஸ்குவித் தலைமை வகித்தார். காலையில் தரைப்படையின் ஹென்றி வில்சன் பெரிய வரைபடம் ஒன்றைக் காட்டி, ஆறு டிவிஷன்களைக் கடல் கடத்திப் பிரெஞ்சுப் படையின் இடப்புறம் நிறுத்தும் திட்டத்தை விளக்கினார். பிற்பகலில் கடற்படைத் தலைவர் ஆர்தர் வில்சன் பேசினார். (இருவருக்கும் பெயர் ஒன்றே தவிர, உடன்பாடு ஒன்றுமில்லை!) ஜெர்மனியின் வடகரையில் வீரர்களை இறக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு திட்டங்களுக்கும் வேண்டியவர்களோ அதே வீரர்கள்தாம்!

கரையில் இறங்குவோர் கப்பலில் வருவர். தடுப்போர் இரயிலில் வருவர். முந்துவது யார்? தரைப்படைத் தலைவர் நிக்கல்சன், ஜெர்மன் இரயில் பாதைகளின் வரைபடம் கடற்படையிடம் உண்டா என்று கேட்டார். அத்தகைய படங்களை வைத்திருப்பது எங்கள் வேலையன்று என்று விடை வந்தது. தரைப்போரில் தலையிடுவதானால் படத்தை வைத்திருந்தால் மட்டும் போதாது, படித்துமிருக்க வேண்டும் என்றார் நிக்கல்சன். ஏற்றம் இறைத்த என் தாத்தா, மேலே மிதிப்பவனுக்கும் கீழே சால் பிடிப்பவனுக்கும் பாட்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்பார். அன்று அந்த அறையில் பாட்டு இரண்டாக இருந்தது.

அக்டோபரில் சர்ச்சில் கடற்படை அமைச்சரானார். 1912-இல் கடற்படைக்கெனப் போர்த் திட்டக் குழு ஒன்றும் அமைந்தது. 1914 ஆகஸ்டில் தரைப்படை பிரான்சுக்குச் சென்றபோது ஒரு கப்பல்கூட இழக்கப்படவில்லை. ஒத்துழைப்பு கனிந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் 1915 மார்ச் 18-இல் தார்தனெல்சு நீரிணையைக் கடற்படை தனித்தே பிளக்க முயன்றது. மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. தரைப்படையோ உடனே இறங்கும் நிலையில் இல்லை. கப்பல்களில் பொருள்கள் போருக்கேற்ற வரிசையில் ஏற்றப்படாததால், எகிப்துக்குத் திரும்பி மீண்டும் ஏற்ற நேர்ந்தது! ஏப்ரல் 25-இல் அவர்கள் கலிப்போலியில் இறங்குமுன் துருக்கியருக்கு ஐந்து வாரங்கள் கிடைத்துவிட்டன. எட்டு மாதங்களுக்கு மேல் இரத்தம் சிந்தியும் முன்னேற முடியவில்லை. இரு படைகளும் பிசகின்றி இணைந்து செய்த வேலை அங்கு ஒன்று உண்டு: 1916 சனவரியில், எஞ்சிய வீரர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றித் திரும்பியதுதான்.