ஆதிரைக்கு வெள்ளைச் சேலை வேண்டாம்

கப்பல் உடைந்து கணவன் போய்விட்டான் என்று கேள்விப்பட்ட பெண்ணாக வேடம் போடப் போகிறேன் என்றால், முதலில் கையில் கொடுப்பது வெள்ளைச் சேலைதான். நெற்றியை அழித்துக்கொள், தலையை விரித்துப் போடு, மூலையில் உட்கார்ந்து அழு. புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் கண்ணகி முதல் சந்திரமதி வரை எல்லாருக்கும் இதே உடுப்பு. நான் சில வருடங்களாக மணிமேகலைக் காப்பியத்தின் ஆதிரையை ஒற்றை ஆளாக நடித்து வருகிறேன். அந்தச் சேலையை ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. காரணம் காப்பியத்திலேயே இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன் மனைவி ஆதிரையை விட்டுவிட்டு ஒரு கணிகை வீட்டில் கிடந்து, சூதாடிக் கைப்பொருளை எல்லாம் தோற்கிறான். பொருள் தேட மற்ற வணிகர்களோடு வங்கம் ஏறுகிறான். இரவில் புயலில் சிக்கிக் கப்பல் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். தப்பி ஊர் சேர்ந்தவர்கள் சாதுவனும் செத்தான் என்று சொல்ல, ஆதிரை சுடுகாட்டில் சிதை அடுக்கச் சொல்லி இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் கப்பலில் வருவான் என்று அசரீரி கேட்கிறது. வீடு திரும்பி அறம் செய்கிறாள். பிற்பாடு காப்பிய நாயகி மணிமேகலை ஏந்தி வரும் வற்றாத பாத்திரமான அமுதசுரபியில் முதல் பிச்சை இடுகிறவளும் இவள்தான்.

காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அந்தத் தீயில் எரியாமல் இருந்தவை என்னென்ன என்று வரிசையாகச் சொல்கிறார்: விரித்த படுக்கை, உடுத்திய கூறை, பூசிய சாந்தம், கூந்தலில் சூடிய மாலை. நடிக்கிறவளுக்கு இதைவிட நல்ல உடைப்பட்டியல் கிடைக்காது. கணவனிடம் போகிற மனைவியாகத்தான் அவள் சிதைக்கு வருகிறாள். பூவும் சந்தனமும் மேனியில் இருக்கின்றன. கைம்பெண் கோலத்தை அவள் ஒரு நாள்கூட ஏற்கவில்லை.

அந்தக் கோலம் எப்படி இருந்தது என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே தடம் இருக்கிறது. பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலம்தான் சங்க காலத்து ஒல்லையூர் என்பார்கள். அந்த ஊரைக் கைப்பற்றிய பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றில் 246ஆம் பாட்டு. நெய் படாத, கையால் பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக்கல்லில் படுக்கை. இந்த வாழ்வு எனக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் அவள் தீயில் இறங்கினாள். கூந்தலைக் கொய்வதும் வளையலைக் கழற்றுவதும் வேறு புறப்பாட்டுகளில் வருகின்றன.

இதைப் படித்த பிறகுதான் மேடையில் கோரைப்பாயின் அருமை எனக்குப் புரிந்தது. கைம்பெண்ணுக்குப் பாய் கிடையாது; ஆதிரையின் சிதையிலோ படுக்கை விரித்திருக்கிறது. நான் மேடைக்கு வந்ததும் முதலில் பாயை உதறி விரிக்கிறேன், சுருக்கம் நீவுகிறேன். அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பாய் விரிக்கிற கை நடுங்காமல் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். மணிமேகலையின் காலத்தை ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வைப்பவர்கள் உண்டு, இன்னும் முன்னால் கொண்டு போகிறவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் தைத்த ரவிக்கை, ஜரிகை, சேஃப்டி பின் மூன்றும் கூடாது. எல்லாரும் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார் என்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே இருப்பவர்கள் ஆடல் மகளிரும் அரசியும். இடுப்பில் துணி எப்படிப் படிந்து நிற்கிறது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நகையை எடுத்தால் வணிகன் மனைவி ராணியாகிவிடுவாள்.

கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு துண்டுத் துணி கட்டுகிறேன். இரண்டும் கைத்தறிப் பருத்தி. கீழ்த்துணி ஆழ்ந்த சிவப்பு. சாயவேரில் காய்ச்சிய சிவப்புக்கு நம் கடற்கரை பேர்போனது. ராமேசுவரம் தீவில் அந்த வேரை மணலிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். மேல்துணி சலவை போடாத காடா. மார்பில் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டால் எவ்வளவு ஓடினாலும் நழுவாது. கிராமத்து மேடை என்பதால் உள்ளே தோல் நிறத்தில் கையில்லாத உள்சட்டை உண்டு. அது இல்லாமல் நம் ஊரில் முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டும் முறைக்குப் பின்கொசுவம் கட்டத் தெரிந்த ஓர் அப்பத்தாவைப் பிடியுங்கள். அந்தக் காலத்திலும் இப்படித்தான் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்கொசுவத்தை விட நடை விரைவாக வரும், கால் தடுக்காது. புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகும்வரை துவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேடை விளக்கில் விறைத்துக்கொண்டு நிற்கும்.

நகை வாடகைக் கடைக்காரர்கள் ஒட்டியாணமும் ராக்கொடியும் எடுத்து நீட்டுவார்கள். புருஷன் சூதில் தோற்ற வீட்டில் ஒட்டியாணம் எங்கிருந்து வரும்? ஒரு சரடு, சங்கு வளையல், அவ்வளவே. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் தங்கம் இல்லாமல் இல்லை. நம் கருக்காகுறிச்சியில் 1898இல் ஒரு பானையில் 501 ரோமானியப் பொன்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தை உளியால் வெட்டிவிட்டிருந்தார்கள். அதே 1898இல்தான் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டார். கடல் வணிகத்தில் பொன் எவ்வளவு புரண்டது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல இந்தப் பானையை முன்னுரையில் சேர்த்துக்கொள்கிறேன், கழுத்தில் போட்டுக்கொள்வதில்லை.

கண்ணில் படாத தவறுகள் மாலையிலும் சமையல் பொருளிலும்தான் ஒளிந்திருக்கும். துலுக்கச் சாமந்தி மாலை வேண்டாம், அந்தப் பூ அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆதிரை வீட்டு அடுப்படி என்று மிளகாய்ச் சரம் தொங்கவிடாதீர்கள், அதுவும் அப்படியே. முல்லையும் மிளகும் போதும். இன்னொன்று: நனைந்த சேலையோடு வரச் சொல்லும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். கடலில் விழுந்தவன் சாதுவன்; இவள் வீட்டில் இருந்தாள்.

நெருப்புக்குச் சூடம் கொளுத்தலாம் என்பார்கள். பருத்தித் துணியும் தொங்கும் முந்தியும் கட்டிக்கொண்டு அந்த வேலையே கூடாது. மேடை ஓரத்தில் இரண்டு அகல், கீழிருந்து ஒரு மஞ்சள் விளக்கு. பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி என்றால் உடன்கட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் இறங்க மாட்டேன். அதைப் புகழ்வது 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாத்தனாரும் புகழவில்லை, பௌத்தரான அவர் ஆதிரையைச் சிதையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறார். தீ சுடாதபோது அவள் பூரிக்கவும் இல்லை. தீகூட என்னைக் கொல்லவில்லையே, இனி என்ன செய்வேன் என்றுதான் தவிக்கிறாள். இந்த இடத்தில் சாமி வந்தது போல் கையை உயர்த்துவது பெரிய பிழை.

இதெல்லாம் ஊர்ப்புற மேடைக்கு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நடிக்கும்போது கணக்கு வேறு. வாடைக்காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு அந்த ஊர்களில் ஒன்றாவது இருக்கும். உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் பொதுவாக 7 ஆண்டு கேட்கிறது. அதுவரை சான்றிதழ் கிடைப்பது கடினம். உறவுக்காரர்களோ அத்தனை நாள் பொறுப்பதில்லை. ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்து நான் பாயைச் சுருட்டும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியில் பொட்டு இருந்தது.

“டீச்சர், அந்தப் பொம்பள பூவ எடுக்கலல்ல?”

“இல்லம்மா, எடுக்கல.”

“நானும் எடுக்கல. ஆளும் வரல, உடம்பும் வரல, எத வச்சு எடுக்கிறது? வீட்ல நாளு குறிக்கிறாக.”

அதன் பிறகு கடலோர ஊர்களில் நடிக்கும் முன் அப்படிப்பட்ட வீடு இருக்கிறதா என்று விழாக்காரர்களிடம் தனியாகக் கேட்டுவிடுகிறேன். இருந்தால் அந்த அம்மாவை நேரில் பார்த்துக் கதையைச் சொல்லி, வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறேன். சாதுவன் திரும்புவதை அங்கே நடித்துக் காட்டுவதில்லை. ஒற்றை வரியில் சொல்லிவிட்டு ஆதிரை சோறு அள்ளி இடுவதோடு முடிக்கிறேன். வராதவருக்காகக் காத்திருப்பவர் முன்னால் வந்தவனைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. “வந்தான்னு காட்டுனாத்தான் என்ன?” என்று கேட்டவர்களும் உண்டு. முன் வரிசையில் இருந்த ஓர் அப்பத்தா அதற்குச் சொன்ன பதில்: “சூதாடிட்டுப் போனவந்தானே. வந்தா என்ன, வராட்டி என்ன? அவ சோறு போட்டா, அது போதும்.”

ஆதிரை வேடம் கட்ட நினைக்கும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணிமேகலையில் 16ஆம் காதையை உரையோடு முழுக்கப் படித்துவிட்டு, கடற்கரைப் பெண்கள் நாலு பேரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அதன் பிறகு துணிக்கடைக்குப் போங்கள்.